சீப்பு விழாத தலை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். நம்பமாட்டார்களே என்று பயந்து ஓரிரண்டு இடங்களில் நடந்ததைக் குறைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கூட்டிச் சொன்னது எங்கேயும் கிடையாது.

கடைத்தெரு முனையில் மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு பார்லர். அங்கே வேலை பார்த்த பெண்ணுக்குச் சாம்பிள் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கடையில் அதற்கு வேலை இல்லாததால் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவாள். முடி வெட்டுவது, முகத்துக்குப் பூசுவது, நகத்துக்குத் தீட்டுவது எதுவும் அவள் பொறுப்பில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதுகு என்று பேச்சுக்குச் சொல்வது. முதுகு யார் கண்ணுக்கும் பட்டதில்லை. இடுப்புவரைக்கும் முடி. கறுப்புத் தண்ணீரைக் குழாயில் திறந்துவிட்ட மாதிரி ஒரு வளைவு நெளிவு இல்லாமல் நேரே இறங்கும் முடி.

அது அவளோடு பிறந்த முடி அல்ல. கூடப் பிறந்தது சுருட்டை. பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சுப் பிள்ளைகள் கரும்பலகை தெரியவில்லை என்று புகார் சொல்லிச் சொல்லி, கடைசியில் டீச்சர் கரும்பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். புதர் என்றார்கள், குருவிக்கூடு என்றார்கள். குருவிக்கூடு என்றது கேலி அல்ல, ஒரு மழைக்காலத்தில் நிஜமாகவே குஞ்சு பொரித்துப் பறந்து போனது என்று அவள் அம்மா சொல்வதுண்டு. அதற்குச் சாட்சி இல்லாததால் இங்கே சேர்க்கவில்லை.

கடையின் முதலாளியை எல்லாரும் மேடம் என்றார்கள். மேடத்துக்கு விளம்பரப் படங்களில் நம்பிக்கை கிடையாது. படத்தில் யாரும் எதையும் காட்டலாம், கண்ணுக்கு முன்னால் காட்டினால்தான் வியாபாரம் என்பது அவர் கட்சி. முடியை நேராக்கிக்கொள்ள வந்து தயங்கி நிற்கிற பெண்ணைக் கையைப் பிடித்துச் சாம்பிள் நாற்காலிக்கு அழைத்துப் போவார். கையில் ஒரு சீப்பைக் கொடுத்து, உச்சந்தலையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கச் சொல்வார். சீப்பு தன்பாட்டுக்கு இறங்கும். பிடரியைத் தாண்டி, தோளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டித் தரையில் 'டக்' என்று விழும். அடுத்த சத்தம் அந்தப் பெண்ணின் கைப்பை ஜிப் திறக்கிற சத்தம். இரண்டுக்கும் நடுவே யாரும் ஒரு வார்த்தை பேசியது இல்லை. பக்கத்து மருந்துக் கடைக்காரர் 'டக்' கேட்டதும் தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார். கிரீம் வாடையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அந்தப் பெண் நேரே அங்கேதான் வருவாள் என்று அவருக்குத் தெரியும்.

சாம்பிளை வேலைக்குச் சேர்த்த அன்றைக்கே மேடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

"இங்க பாரும்மா, சீப்பு விழுந்தா உன் வேலை நிக்கும். சீப்பு நின்னா உன் வேலை விழும். இதுல எனக்கும் உனக்கும் மனஸ்தாபம் வேண்டாம்."

சாம்பிளுக்கு மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. புதர் என்று பேர் வாங்கிய தலையை ஊரே வந்து தொட்டுப் பார்த்து வாயைப் பிளக்கிறது. சம்பளமும் தருகிறார்கள். வேறென்ன வேண்டும்? வேர் கொஞ்சம் சுருளத் தொடங்கினால் மேடமே தன் கையால் கிரீம் பூசிவிடுவார். உச்சந்தலை எரியும். அழகு உள்ளே இறங்குகிறது, அதனால்தான் எரிகிறது என்பார் மேடம். வருஷக்கணக்காக இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காதுக்கு மேலே ஓர் இடத்தில் விரல் வழுக்கியது. கண்ணாடியில் பார்த்தால் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெறும் தோல். தோல் டாக்டரிடம் ஓடினாள். அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, அடுத்த அறை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"இன்னும் ஒரே ஒரு தடவை அந்தக் கிரீமைப் போட்டீங்கன்னு வைங்க, அப்புறம் நேரா நிக்கவும் முடி இருக்காது, சுருண்டுக்கவும் முடி இருக்காது. எது வேணும்னு நீங்களே பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? கிரீம் போட்டால் தலை போகும், போடாவிட்டால் வேலை போகும். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்து, கிரீமை நிறுத்துவது, நிறுத்தியதை மேடத்திடம் சொல்லாமல் இருப்பது என்று முடிவுக்கு வந்தாள். எனக்கு உடம்பு சூடு, கொஞ்ச நாளைக்குக் கிரீமை வீட்டிலேயே சாவகாசமாகப் போட்டுக்கொள்கிறேன் என்று டப்பாவை வாங்கிப் போனாள். அதைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினாள். அடைத்திருந்த குழாய் திறந்துகொண்டது. கூடவே கீழ்வீட்டுக் குழாயும் திறந்துகொண்டது என்பார்கள்.

முடி வளர ஆரம்பித்தது. சும்மா வளரவில்லை, சிறையிலிருந்து வெளியே வந்தவன் மாதிரி வளர்ந்தது. மேலே விரல் நீளத்துக்குச் சுருட்டை, அதற்குக் கீழே பழைய அருவி. ஒரே தலையில் இரண்டு குடித்தனம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சுருட்டையும் நேரும் சேருகிற இடத்தில் சீப்புப் பட்டால் போதும், முடி பட்டுப்பட்டென்று ஒடிந்தது. அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா தலையும் அதே தலைதான். ஈரத்தில்தான் கை வைக்க வேண்டும், சீப்பைத் தூர வைத்துவிட்டு விரலால் நுனியிலிருந்து மேலே பிரித்துக்கொண்டு வர வேண்டும், துண்டால் தேய்க்கவே கூடாது, பழைய பனியனால் ஒற்றி எடு என்று அம்மா வகுப்பு எடுத்தாள். அன்று முதல் சாம்பிளின் கணவனுக்குப் போட்டுக்கொள்ளப் பனியன் இல்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பிரச்சினையையும் பெட்டி, கயிறு, எடை என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிற ஆள். மனைவி விஷயத்தைச் சொன்னதும் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, உச்சியில் சீப்பை வைத்துக் கையை எடுத்துப் பார்த்தான். சீப்பு அங்கேயே குடியிருந்தது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். ஸ்டூலைத் தட்டிப் பார்த்தான்.

"இதுல முடி மேல தப்பே இல்ல. லோடு பத்தல."

"ஏங்க, இது தலைங்க. லிஃப்ட் இல்ல."

"மேலேருந்து கீழ போகணும்னா எல்லாம் ஒண்ணுதான்."

முதலில் லிஃப்ட் ஓடுகிற தண்டவாளத்துக்குப் போடும் கிரீஸைக் கொண்டுவந்து தடவினான். சீப்பு அருமையாக இறங்கியது. தலையணையும் இறங்கியது. படுத்த இடத்தில் படுக்க முடியாமல் கட்டிலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழுக்கிக்கொண்டே இருந்தாள். மழையில் போனால் தலை நனையவில்லை. பக்கத்தில் நடந்தவர்கள் நனைந்தார்கள். கிரீஸ் வேண்டாம் என்று முடிவானது.

பிறகு அவன் சீப்பில் கை வைத்தான். தடித்த சீப்பு ஒன்றை வாங்கி, முதுகுப்பக்கம் குடைந்து, உள்ளே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, மேலே வர்ணம் அடித்தான். பார்த்தால் பளபளவென்று சாதாரணச் சீப்பு. தூக்கினால்தான் தெரியும், கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒரு கையைக் கீழே கொடுக்க வேண்டும். உச்சியில் வைத்தால் சுருட்டை, நேர் என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு இறங்கியது. சாம்பிளின் கழுத்தும் கொஞ்சம் இறங்கியது.

கடையில் உச்சந்தலையை மறைத்து ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். சீப்பு விடும்போது மட்டும் துணியை அவிழ்ப்பாள், சீப்பு போகிற வேகத்தில் வந்தவர்கள் கண் தரைக்குப் போய்விடும். மேடத்துக்கு வெள்ளெழுத்து, கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்று போடமாட்டார். கிட்டத்தில் எதுவும் அவருக்குத் தெரியாது, தூரத்தில் வாடிக்கையாளர் வருவது மட்டும் தெரியும். புதுச் சீப்பைப் பற்றிக் கேட்டபோது, வெளிநாட்டுச் சரக்கு என்று சாம்பிள் சொல்லிவைத்தாள். அந்தச் சீப்பு விழும்போது 'டக்' இல்லை, 'தொம்'. தரை ஓடு விரிசல் விட்டது. செருப்புக் கடையில் அலமாரியிலிருந்து ஜோடி ஜோடியாகச் செருப்பு இறங்கியது. சீப்பு இறங்குகிற வேகத்தைப் பார்த்துப் பெண்கள் ஆடிப்போனார்கள். இவ்வளவு வழவழப்பை இதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று வரிசையில் நின்றார்கள். அந்த மாதிரி வியாபாரம் மேடம் தன் ஆயுளில் கண்டதில்லை. விரிசல் விட்ட தரை ஓடுகளை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

ஆனால் கடையில் இன்னொரு ஆளுக்குக் கண் நன்றாகத் தெரியும். முடி வெட்டுகிறவள், கத்திரி என்று பேர். ஒருநாள் மேடம் வருவதற்கு முன் சாம்பிளின் தலையில் சுற்றியிருந்த துணியைப் பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்தது பொங்கி வெளியே வந்தது.

"என்கிட்டயே மறைக்கறியா? இத்தனை வருஷமா நான் தலையைத்தான்டி பாக்கறேன். மூஞ்சியைக் காட்டினா யாருன்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

சாம்பிள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள், பொத்தான் அளவு வழுக்கையைக் காட்டினாள். கத்திரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை சத்தமில்லாமல் நுனியில் கொஞ்சம் நேர்முடியை வெட்டித் தானே பெருக்கித் தள்ளினாள். இடுப்பில் இருந்தது முதுகுக்கு வந்தது, முதுகில் இருந்தது தோளுக்கு வந்தது. சீப்பு இப்போதெல்லாம் பாதித் தூரம் காற்றிலேயே வருகிற மாதிரி இருக்கிறதே என்று மேடம் ஒருநாள் சந்தேகப்பட்டார். நல்ல சீப்புக்கு முடியே தேவையில்லை மேடம் என்றாள் கத்திரி. மேடம் அதை யோசித்துப் பார்த்துத் திருப்தியானார்.

இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் தலை தப்பியிருக்கும். அதற்குள் கம்பெனிக்காரர் வருவதாகச் சேதி வந்தது.

கிரீம் தயாரிக்கிற கம்பெனியின் ஆள். ஊரிலேயே சிறந்த கடை எது என்று பார்த்து, அந்த ஒரு கடைக்கு மட்டும் கம்பெனி போர்டு தருவார்கள். விளக்குப் போட்ட போர்டு. மேடம் அந்தப் போர்டுக்காகச் சுவரில் ஆணி அடித்து வைத்துக் காத்திருந்தார். அன்றைக்குக் காலையில் எல்லாரையும் கூப்பிட்டு, இன்றைக்குச் சீப்பு மட்டும் விழாமல் போகட்டும், அப்புறம் இருக்கிறது கதை என்றார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. சாம்பிள் தலைத்துணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கம்பெனிக்காரர் ஒல்லியான மனிதர். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். இரும்புப் பட்டை போட்ட பெரிய கைக்கடிகாரம். வாயெல்லாம் பல். மேடம் வெளிநாட்டுச் சீப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார். அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"வேண்டாம் மேடம். கம்பெனி ரூல். எங்க சீப்புலதான் பாப்போம்."

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் சீப்பை எடுத்தார். ஊதினால் பறக்கும்.

துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். சாம்பிள் அவிழ்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உச்சியில் சீப்பு வைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு லேசு. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் சத்தமில்லை. தலையைப் பார்த்தார்கள். தலையிலும் சீப்பு இல்லை.

உள்ளே போய்விட்டது.

கம்பெனிக்காரர் முதலில் இரண்டு விரலை விட்டுத் தேடினார். பிறகு கையை விட்டார். ஹேர்பின் ஒன்று வந்தது. போன வருஷம் யாரோ தொலைத்துவிட்டுக் கடையைத் தலைகீழாகக் கவிழ்த்த ஒற்றைக் கம்மல் வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் ஸ்குரூ டிரைவர் வந்தது. சீப்பு வரவில்லை. இன்னும் ஆழத்தில் இருக்கும் என்று மணிக்கட்டுவரை விட்டார். அங்கேதான் வினை. நேர்முடியும் சுருள்முடியும் சேருகிற எல்லையில் கைக்கடிகாரப் பட்டை மாட்டிக்கொண்டது. இழுத்தார். சாம்பிள் "ஆ" என்றாள். இந்தப் பக்கம் திருப்பினார், இன்னும் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டது. மேடம் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார். நாற்காலி சுழன்றது, மூன்று பேரும் ஒரு முழுச் சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கணக்கு டீச்சர் உள்ளே வந்தார்.

கணக்கு டீச்சர் பழைய வாடிக்கை. தவறாமல் வந்து முடியை நேராக்கிக்கொண்டு, பக்கத்தில் மாத்திரையும் வாங்கிக்கொண்டு போகிறவர். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பெண்கள். ஒரு பெண்ணின் தலைக்குள் கையை விட்டுக்கொண்டு ஓர் ஆண்பிள்ளை நிற்பதைப் பார்த்து எல்லாரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கம்பெனிக்காரருக்கு ஒரு நொடி கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கை ஓட வழியும் இல்லை. ஆனாலும் வாயால் பிழைக்கிற மனிதர். பல்லைக் காட்டினார்.

"பயப்படாதீங்கம்மா, வாங்க. இது எங்க புதுத் தயாரிப்பு. பிடிப்புச் சோதனை பண்ணிட்டிருக்கேன். பாருங்க, ஒரு ஆளையே பிடிச்சு நிறுத்திருக்கு."

சொல்லிவிட்டுக் கையை இழுத்துக் காட்டினார். கை வரவில்லை. பெண்கள் கிட்டே வந்தார்கள். ஒருத்தி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, உண்மைதான் என்று மற்றவர்களிடம் சொன்னாள். கம்பெனிக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மாட்டியது மாட்டியபடியே நின்று, இந்தத் தயாரிப்பு எத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு வந்தது, எந்தெந்த மூலிகை, எத்தனை நாள் ஊறவைத்தது என்று பொழிந்தார். மேடமும் சுதாரித்துக்கொண்டு, எங்கள் கடையில்தான் முதன்முதலாக என்று பின்பாட்டுப் பாடினார். அவர் காதோரம் குனிந்து, போர்டு எப்ப சார் வரும் என்று கேட்டதும் சாம்பிள் காதில் விழுந்தது. இரண்டு தலையும் ஒரே இடத்தில்தானே இருந்தன.

நினைத்துப் பார்த்தால், சாம்பிள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். வேலை பிழைத்திருக்கும். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு புதுக் கிரீமைக் கொண்டுவருவார்கள். அவள் தலையில்தான் முதலில் பூசுவார்கள். டாக்டர் சொன்ன அந்த ஒரே ஒரு தடவை அதுவாகத்தான் இருக்கும்.

"இவர் சொல்றதை நம்பாதீங்க," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இதுல ஒண்ணும் போடலை. போட்டுட்டிருந்ததை நிறுத்திட்டேன், அவ்வளவுதான். இது என் முடி."

கம்பெனிக்காரர் மூலிகைப் பெயர் ஒன்றின் நடுவில் நின்றார்.

"அக்கா, வெட்டிடுங்க."

கத்திரி ஏற்கெனவே கத்திரிக்கோலோடு பின்னால் வந்து நின்றிருந்தாள். "எதை? சாரோட வாட்ச் பட்டையையா, உன் முடியையா?"

"நேரா இருக்கறதை எல்லாம்."

கத்திரி சுற்றி வந்து வெட்டினாள். தோள்வரை தொங்கிக்கொண்டிருந்த அத்தனை நேர்முடியும் கடிகாரத்தோடு போனது. பாரம் விட்டதும் மிச்சமிருந்த சுருட்டை எல்லாம் ஒரே மூச்சில் மேலே எழும்பியது. அந்த வேகத்தில் மேஜைமேல் இருந்த பத்திரிகை பக்கம் புரண்டது. கம்பெனிக்காரர் மணிக்கட்டில் குதிரைவால் மாதிரி முடி தொங்க, கையை உதறிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். அவருடைய சீப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. சாம்பிளுக்குக் காதில் காற்றுப் பட்டது. பிடரி குளிர்ந்தது. கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். கூடவே ஆட எதுவும் இல்லாததால் தலை நினைத்ததைவிட வேகமாகத் திரும்பியது.

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. சுவரில் அடித்த ஆணியைப் பார்த்தார். சாம்பிளைப் பார்த்தார். இப்படிப்பட்ட நேரத்தில் முதலாளிகள் சொல்கிற வாக்கியம் ஒன்றுதான். அதை அவர் ஆரம்பித்தார்.

"நீ நாளையிலிருந்து..."

"ஒரு நிமிஷம்," என்றார் கணக்கு டீச்சர். சாம்பிளின் தலையையே பார்த்துக்கொண்டு, தன் உச்சந்தலையை மெதுவாகச் சொறிந்தபடி கேட்டார்: "இந்த மாதிரி நிறுத்தறதுக்கு எவ்வளவு ஆகும்?"

மேடம் வாய் திறந்தபடியே இருந்தார். பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருவராய் உச்சந்தலையைச் சொறிய ஆரம்பித்தார்கள். வியாபாரம் என்பது மேடத்துக்கு மூளையில் இருந்ததில்லை, நாக்கிலேயே இருந்தது. பாதியில் நின்ற வாக்கியத்தை நாக்கு தானாகவே எடுத்து முடித்தது.

"...நாளையிலிருந்து ஆரம்பிக்கறோம் டீச்சர். ஸ்ட்ரெய்ட்டனிங்கைவிடக் கொஞ்சம் கூட ஆகும்."

ஏன் கூட என்று டீச்சர் கேட்டார். கணக்கு டீச்சர் கேட்காமல் விடுவாரா? போடுவது சுலபம் டீச்சர், போடாமல் இருப்பதற்குத்தான் கை அனுபவம் வேண்டும் என்றார் மேடம். டீச்சர் இந்தப் பதிலை மனதுக்குள் இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்து, விடை சரியாக வருகிறது என்று ஒப்புக்கொண்டார்.

அதன்பிறகு அந்தக் கடையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. முறை இதுதான். தலையை அலசுவார்கள். சாம்பிளின் அம்மா சொன்னபடி விரலால் சிக்கெடுத்து, பனியனால் ஒற்றுவார்கள். கத்திரி நுனியில் கொஞ்சம் நேர்முடியை வெட்டுவாள். அப்புறம் மூன்று மணி நேரம் ஒன்றும் போடாமல் உட்காரவைப்பார்கள். அந்த மூன்று மணி நேரம் தேவையே இல்லை. ஆனால் சீக்கிரம் அனுப்பினால் வேலை சுத்தமில்லை என்று கோபித்துக்கொள்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரிக்கு மட்டும் தன்னைவிட அதிக நேரம் ஒன்றும் போடாமல் விட்டார்கள் என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். சாம்பிளின் கணவன் பனியன் வாங்கிக் கொடுத்து மாளாமல், மொத்தமாகக் கடைக்கே பனியன் சப்ளை செய்ய ஆரம்பித்தான். மருந்துக் கடைக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, யாருக்கும் தலை வலிக்கவில்லையா என்று ஏக்கமாகக் கேட்டுவிட்டுப் போனார். கிரீம் கம்பெனி சும்மா இருக்கவில்லை. அழகான காலி டப்பாக்களில் 'எதுவும் சேர்க்கப்படவில்லை' என்று அச்சடித்து ஒரு பெட்டி அனுப்பியது. மேடம் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். எங்கள் கடையில் போடாததை நாங்களே சொந்தமாகத் தயாரிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

சாம்பிள் வேலை சாம்பிளுக்கே இருந்தது. ஒரே ஒரு விஷயம் மட்டும் தீராமல் இருந்தது. கை. முன்பெல்லாம் ஈரக் கை, மோதிரக் கை, பிஸ்கட் தின்ற கை என்று எத்தனையோ கை வந்து போன தலை. இப்போது சுருட்டையாக வேறு இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கெல்லாம் விரலை விட்டுப் பார்க்க ஆசை. ஒருநாள் புதிதாக வந்த ஒரு பெண்ணை மேடம் பழைய வழக்கப்படி கையைப் பிடித்து நாற்காலிக்கு அழைத்து வந்தார். வந்த வேகத்தில் கொத்தாக ஒரு பிடி முடியைத் தூக்கிக் காட்டக் கையை நீட்டினார்.

சாம்பிள் அந்த மணிக்கட்டை நடுவழியில் பிடித்தாள். முறைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"மேடம், பாக்கறதுக்குத்தான் சம்பளம். தொடறதுக்கு இல்ல."

மேடம் கை அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தக் கையை யாரும் பிடித்ததில்லை. கத்திரி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கடையில் இருந்த எல்லாத் தலையும் திரும்பின, ஈரத் தலை, காய்ந்த தலை, பாதி வெட்டிய தலை. மேடம் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, அந்தக் கையாலேயே புதுப் பெண்ணை ஓர் அடி பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார்.

"பாத்தியாம்மா? தொடவே விடமாட்டா. அவ்வளவு ஒசத்தி."

அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். சாம்பிள் பிடரியை நாற்காலியில் சாய்த்துக்கொண்டு, தன் விரலால் ஒரு சுருளை நீட்டி விட்டாள். அது பழைய இடத்துக்கே ஓடிப்போய்ச் சுருண்டுகொண்டது. இன்னொரு தடவை நீட்டி விட்டாள். அன்று முழுவதும் அவளுக்கு அதே வேலை.

கடை இன்றும் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு மட்டும் முகச்சவரம் செய்து முடிவெட்டுகிற கடை. திறந்த நாளிலிருந்து ஒரு பெண்கூட உள்ளே கால் வைத்தது கிடையாது.